ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 58, ஆனால் மூச்சு வாங்கவில்லை: மூளையின் பதிலை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 61 வயது, எடை 112 கிலோ. ரத்தப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு 58 என்று வந்திருக்கிறது. அது கூடினால் மூச்சு வாங்கும் என்றுதான் படித்திருக்கிறோம். அவருக்கோ மூச்சு வாங்குவதே இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறார். கார்பன் டை ஆக்சைடு கூடும்போது மூச்சு எவ்வளவு கூடுகிறது என்பதை அளக்க முடியுமா? முடியும் என்றால் எந்த டாக்டரும் அந்த டெஸ்ட்டை ஏன் எழுதித் தரவில்லை?"

அளக்க முடியும். நூறு வருஷத்துக்கு மேலாக அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கஷ்டம் அளப்பதில் இல்லை, கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தம் சொல்வதில் இருக்கிறது. மூச்சு கூடவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். மூளை கட்டளையே கொடுக்காமல் இருக்கலாம். அல்லது மூளை கத்திக்கொண்டிருக்க, மார்பும் தசையும் அதை நிறைவேற்ற முடியாமல் திணறலாம். வெளியே வரும் காற்றை மட்டும் அளந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உங்கள் அப்பா விஷயத்தில் தெரிய வேண்டியதும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமனி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் சாதாரணமாக 35 முதல் 45 மி.மீ. பாதரசம். சாப்பிட்டாலும் நடந்தாலும் இந்த எண் பெரிதாக நகராது. இதைக் கண்காணிக்க உடம்பில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மூளைத்தண்டில் உள்ள முகுளத்தின் அடிப்பரப்பை ஒட்டிய நரம்பணுக்கள். கார்பன் டை ஆக்சைடு அங்கே ஊடுருவி அமிலத்தன்மையைக் கூட்டும், அந்த மாற்றத்தை அவை உணரும். இன்னொன்று, கழுத்தில் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் சில மி.மீ. அளவே உள்ள கரோட்டிட் உறுப்பு. கழுத்தில் இருப்பது சில நொடிகளிலேயே பதில் சொல்லும், ஆக்சிஜன் குறைவையும் அதுதான் முதலில் கவனிக்கும். மூளையில் இருப்பது மெதுவாக, நிமிடக் கணக்கில் வேலை செய்யும். ஆனால் கார்பன் டை ஆக்சைடுக்கான மொத்தப் பதிலில் பெரும்பங்கு அதனுடையது.

இதை அளப்பதில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. வீட்டு மாடியில் தண்ணீர் தொட்டியும், அளவு குறைந்தால் தானாக ஓடும் மோட்டாரும் இருக்கின்றன என்று வையுங்கள். அளவு குறைந்தால் மோட்டார் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்க நினைத்தால், ஓடிய உடனே தொட்டி நிரம்பிவிடும், மோட்டாரும் நின்றுவிடும். மோட்டாரின் குணத்தைத் தனியாகப் பார்க்கவே முடியாது. தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் குழாயைத் திருப்பிவிட்டால்தான் பார்க்கலாம். மூச்சும் அப்படியே. கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூச்சு கூடும், மூச்சு கூடினால் கார்பன் டை ஆக்சைடு இறங்கிவிடும். இந்தச் சுற்றை எங்கே வெட்டுவது என்பதுதான் இந்தத் துறையின் முக்கியக் கேள்வி.

ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்த்த ஜான் ஸ்காட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-இல் செய்த ஆய்விலிருந்து ஆரம்பிக்கலாம். அவர்களிடம் இன்றைய கருவி எதுவும் கிடையாது. நாலடி நீளமுள்ள ரப்பர் குழாயில் ஆளை வேகமாக, முழுசாக ஊதச் சொல்லி, கடைசியில் வந்த காற்றை வாய்க்குப் பக்கத்திலேயே பிடித்தார்கள். அது நுரையீரலின் அடியாழத்திலிருந்து வந்த காற்று என்பதால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய ரத்தத்தில் உள்ள அளவையே காட்டும். அந்த அளவு வெறும் 0.2 சதவீதம் கூடினாலே, அதாவது சுமார் ஒன்றரை மி.மீ. ஏறினாலே, நுரையீரலுக்குள் போய்வரும் காற்று இரண்டு மடங்காகிறது என்று கண்டார்கள். இதே அளவீட்டை பென் நெவிஸ் மலை உச்சியிலும், கார்ன்வால் பகுதியின் டோல்கோத் சுரங்கத்துக்குள்ளும் செய்து பார்த்தார்கள். காற்றழுத்தம் மாறும்போது கார்பன் டை ஆக்சைடின் சதவீதம் மாறியது, அதன் அழுத்தமோ கிட்டத்தட்ட அப்படியே நின்றது. உடம்பு காப்பாற்றுவது சதவீதத்தை இல்லை, அழுத்தத்தை என்பது அப்போதுதான் தெளிவானது. இவ்வளவு எளிய சாமானை வைத்து இவ்வளவு துல்லியமாக எட்டிய ஆய்வு உடலியலில் அதிகம் கிடையாது என்பேன்.

அதன்பின் பல காலம் நிலைநிறுத்தும் முறைதான் வழக்கம். 3 சதவீதம், 5 சதவீதம் என்று கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்து அளப்பார்கள். மூளைத் திசுவில் அழுத்தம் சமநிலைக்கு வரவே பல நிமிடம் ஆகும். மூன்று புள்ளி எடுக்க ஒரு மணி நேரம் போய்விடும், முகமூடிக்குள் இருக்கும் நோயாளி பொறுமை இழந்துவிடுவார். இன்னொரு குறையும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமும் கூடும். அது உணர்வணுக்களைச் சுற்றியுள்ள வாயுவைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் தமனி ரத்தத்தில் 10 மி.மீ. ஏறினால் மூளைத் திசுவில் அதைவிடக் குறைவாகத்தான் ஏறும்.

1967-இல் சிட்னியைச் சேர்ந்த டி. ஜே. சி. ரீட் இதற்குச் சுலபமான வழி ஒன்றைச் சொன்னார். விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வைப்பது. கேட்க முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் யோசனை அழகானது. பையில் முன்கூட்டியே 7 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் 93 சதவீதம் ஆக்சிஜனும் நிரப்பிவிடுவார். பையின் அளவு 4 முதல் 6 லிட்டர். 7 சதவீதம் என்பது ஏறக்குறைய 50 மி.மீ. அழுத்தம். உடம்பெல்லாம் சுற்றி இதயத்துக்குத் திரும்பும் சிரை ரத்தத்தில் இருப்பதைவிட இது கொஞ்சம் மேலே. அதனால் சில மூச்சிலேயே பை, நுரையீரல், தமனி ரத்தம், சிரை ரத்தம் எல்லாம் ஒரே அழுத்தத்துக்கு வந்துவிடும். மூளைத் திசுவும் அதை ஒட்டியே நிற்கும். மேலே சொன்ன ரத்த ஓட்டச் சிக்கல் பெரும்பாலும் காணாமல் போகும். இனி எவ்வளவு வேகமாக மூச்சு விட்டாலும் கார்பன் டை ஆக்சைடு வெளியே போக வழியில்லை. உடம்பு உற்பத்தி செய்வதெல்லாம் சேர்ந்து நிமிடத்துக்குச் சில மி.மீ. வீதம் சீராக ஏறிக்கொண்டே இருக்கும். சுற்று வெட்டப்பட்டுவிட்டது. நாலு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

அந்த நாலு நிமிடம் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும். ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் ரப்பர் வாய்க்குழாய் கொடுப்போம். முதலில் சில நிமிடம் சும்மா அறைக் காற்று. அவருக்குத் திரை தெரியாதபடி மானிட்டரைத் திருப்பி வைப்போம், ஏனென்றால் தன் மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தவரின் மூச்சு அப்புறம் அவருடைய இயல்பான மூச்சு இல்லை. வெளிவிடும் மூச்சின் முடிவில் சட்டென்று வால்வைத் திருப்பிப் பைக்கு மாற்றுவோம். அதுவரை திரையில் கார்பன் டை ஆக்சைடு ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறிக் கீழே பூஜ்யத்துக்கு விழுந்துகொண்டிருக்கும். பைக்கு மாறியதும் அந்த ஏற்ற இறக்கம் சுருங்கி, அரை நிமிடத்துக்குள் கிட்டத்தட்ட நேர்கோடாகிவிடும். உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒன்றுதான் என்பதற்கு அதுவே அடையாளம். அந்தக் கோடு தட்டையாக வரவில்லை என்றால் எங்கேயோ காற்று கசிகிறது. பெரும்பாலும் வாய் ஓரம்தான். அப்படி வந்தால் அந்தச் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்வதே நல்லது.

பிறகு கோடு மெல்லச் சாய்ந்து ஏறத் தொடங்கும். முதலில் மூச்சின் ஆழம் கூடும். அரை லிட்டர் இழுத்தவர் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று போவார். எண்ணிக்கை பெரும்பாலும் அதற்கப்புறம்தான் கூடும். மூன்றாவது நிமிடத்தில் முகம் சிவக்கும், நெற்றியில் வேர்வை, தலை லேசாகக் கனக்கும். வேண்டாம் என்று கையைக் காட்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும், அல்லது கார்பன் டை ஆக்சைடு சுமார் 9 சதவீதத்தைத் தொட்டால் நாமே நிறுத்துவோம். ஆக்சிஜன் மட்டம் முழு நேரமும் உயரத்தில் இருப்பதால் அந்த வகையில் ஆபத்து இல்லை. கூடவே, ஆக்சிஜன் அதிகமாக இருந்தால் கழுத்தில் உள்ள கரோட்டிட் உறுப்பு ஏறக்குறைய அடங்கிவிடும். எனவே ரீட் முறையில் கிடைப்பது பெரும்பாலும் மூளையின் பதில் மட்டுமே. ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் டை ஆக்சைடுக்கான பதில் இன்னும் செங்குத்தாகும் என்பதை டேனிஷ் ஆய்வாளர் நீல்சன், ஸ்மித்துடன் சேர்ந்து 1952-இலேயே காட்டியிருந்தார்.

கணக்கு எளிது. கிடைமட்ட அச்சில் கார்பன் டை ஆக்சைடு, செங்குத்து அச்சில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் மூச்சு. உதாரணமாக, 52 மி.மீ.-இல் 14 லிட்டர், 64 மி.மீ.-இல் 44 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12 மி.மீ. ஏற, 30 லிட்டர் கூடியிருக்கிறது. சாய்வு 2.5, அதாவது ஒரு மி.மீ. ஏற்றத்துக்கு நிமிடத்துக்கு 2.5 லிட்டர். மார்ஃபின் போன்ற மருந்து கொடுத்தால் இந்தக் கோடு சாய்வு குறைந்து வலப்பக்கமும் நகரும். ஆபரேஷன் முடிந்த நோயாளிக்கு வலி மருந்து கொடுத்துவிட்டு மூச்சை எண்ணிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஆரோக்கியமானவர்களையே வரிசையாக உட்கார வைத்து அளந்தால் சாய்வு சுமார் 0.5-லிருந்து 8 வரை பரந்து கிடக்கிறது. பெரும்பாலோர் 1.5-க்கும் 5-க்கும் நடுவே. உங்கள் அப்பாவுக்கு 1 வந்தால், அது நோயா, பிறவியிலேயே அவர் அப்படித்தானா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. உடம்பின் அளவு, வயது, குடும்ப வாகு எல்லாமே இதில் கலக்கும். ஒரே ஆளை வேறு வேறு நாள் அளந்தாலும் எண் கணிசமாக மாறும். காபி குடித்துவிட்டு வந்தால் சாய்வு கூடும். கர்ப்பகாலத்தில் புரோஜெஸ்டிரோன் மூச்சைத் தூண்டுவதால் கர்ப்பிணிகளின் கார்பன் டை ஆக்சைடு 30-ஐ ஒட்டி இறங்கியிருக்கும். தூங்கினால் சாய்வு குறையும், கனவு காணும் உறக்கத்தில் இன்னும் குறையும். ஆழத்தில் மூச்சடக்கி நீந்தும் தேர்ந்த நீச்சல்காரர்களுக்கு விழித்திருக்கும்போதே சாய்வு குறைவாக இருப்பதுண்டு, அவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை. டாக்டர்கள் இந்த டெஸ்ட்டைச் சட்டென்று எழுதித் தராததற்கு முதல் காரணம் இந்தப் பரப்புதான். எண் வந்தாலும் சிகிச்சை பெரும்பாலும் மாறப்போவதில்லை. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இதைச் செய்யும் வசதியும் குறைவு.

இரண்டாவது காரணம் ஆரம்பத்தில் சொன்னதுதான். எடை அதிகமான ஒருவருக்கு மார்பையும் வயிற்றையும் அசைப்பதே பெரிய வேலை. சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்குக் காற்றுக்குழாய்கள் சுருங்கியிருக்கின்றன. மூளை இரட்டிப்பாகக் கட்டளை கொடுத்தாலும் வரும் லிட்டர் கூடாது. அப்போது சாய்வு 0.8 என்று வந்தால் கட்டளை பலவீனம் என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். இதைத் தாண்டுவதற்கு வைட்லா, டெரென், மிலிக்-எமிலி என்ற மூவரும் 1975-இல் சொன்ன வழி என் பார்வையில் இந்த முறைகளிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமானது. ஆளுக்குத் தெரியாமல், மூச்சு இழுக்கத் தொடங்கும் கணத்தில் குழாயை அடைத்துவிட்டு, முதல் 0.1 நொடியில் வாயில் எவ்வளவு உறிஞ்சழுத்தம் உண்டாகிறது என்று பார்ப்பது. அவ்வளவு குறுகிய நேரத்தில் ஆள் அடைப்பை உணர்ந்து எதிர்வினை காட்ட முடியாது. காற்றே ஓடாததால் குழாய் சுருக்கமும் குறுக்கே வராது. தசை ரொம்பப் பலவீனமாக இல்லாதவரை கிடைப்பது ஏறக்குறைய மூளையின் கட்டளை மட்டுமே. அமைதியாக இருப்பவருக்கு இது ஒன்றிரண்டு செ.மீ. நீரழுத்தம்தான். கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற இதுவும் ஏறும். லிட்டர் கூடாமல் இது மட்டும் நன்றாக ஏறினால், 'மூளை கேட்கிறது, உடம்பு தரவில்லை' என்று பொருள். இரண்டுமே ஏறாவிட்டால் மூளை கேட்கவே இல்லை. இன்றைய ஐ.சி.யூ. வென்டிலேட்டர்கள் பலவற்றில் இந்த அளவு ஒரு பொத்தானில் கிடைக்கிறது.

இதற்கு மேலும் நுட்பமான முறை ஒன்று உண்டு, டொராண்டோவில் ஜேம்ஸ் டஃபின் வளர்த்தது. பைக்குப் போகும் முன் ஆளை சில நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்லிக் கார்பன் டை ஆக்சைடை நன்றாகக் கீழே இறக்கிவிடுவார்கள். பிறகு பையில் ஆக்சிஜனை ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டு ஏற விடுவார்கள். கொஞ்ச நேரம் மூச்சு அசையாமல் இருந்து, ஒரு புள்ளியில் திடீரென்று ஏறத் தொடங்கும். சாய்வு மட்டுமில்லாமல் அந்தத் தொடக்கப்புள்ளியும் கிடைக்கிறது. ஆக்சிஜனை உயரத்தில் வைத்து ஒருமுறை, தாழ்வாக வைத்து ஒருமுறை செய்தால் மூளையின் பங்கையும் கழுத்தின் பங்கையும் பிரித்துவிடலாம். ஆராய்ச்சிக்கு அருமை, ஆஸ்பத்திரி அன்றாடத்துக்கு ஒத்துவராது.

கட்டளையே இல்லாத நிலை எப்படி இருக்கும் என்பதற்குத் தெளிவான உதாரணம் பிறவியிலேயே வரும் ஒரு அரிய நோய். விழித்திருக்கும்போது ஓரளவு மூச்சுவிடும் குழந்தை, தூங்கியதும் போதுமான அளவு மூச்சுவிடாது. பி.எச்.ஓ.எக்ஸ்.2பி என்ற மரபணுவில் வரும் மாற்றமே காரணம் என்று 2003-இல் கண்டுபிடித்தார்கள். இவர்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு ஏறினாலும் பெரும்பாலும் மூச்சுத் திணறல் உணர்வே வருவதில்லை. 'மூச்சு வாங்கவில்லை, அதனால் பரவாயில்லை' என்று யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சரி, உங்கள் அப்பாவுக்கு வருவோம். இந்த எடையில், விழித்திருக்கும்போது எடுத்த ரத்தத்திலேயே 45-ஐத் தாண்டியிருந்தால், பகலில் தூக்கமும் இருந்தால், நுரையீரல் மருத்துவர் முதலில் நினைப்பது உடற்பருமனால் வரும் மூச்சுக் குறைவு நோயைத்தான். அது பெரும்பாலும் இரவில் தொடங்குகிறது. தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்துக் கார்பன் டை ஆக்சைடு ஏறும். சிறுநீரகம் அதைச் சமாளிக்க, அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் என்ற உப்பை ரத்தத்தில் தேக்கிவைக்கும். பகலிலும் அது இறங்குவதில்லை. பைகார்பனேட் அதிகமாக இருக்கும் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு கூடினாலும் அமிலத்தன்மை முன்போல் மாறாது. மூளை உணர்வதோ அமிலத்தன்மையை. ஆக, 58 என்ற எண் அவர் மூளைக்கு 58 மாதிரித் தெரிவதில்லை. மூச்சு வாங்காததற்கு இது பெரிய காரணம்.

ரிப்போர்ட்டில் அதே தாளிலேயே பைகார்பனேட் எவ்வளவு என்று பாருங்கள். 27-க்குக் கீழே இருந்தால் இந்த நோய் இருக்க வாய்ப்பு குறைவு, 30-ஐத் தாண்டியிருந்தால் இது நேற்று வந்த பிரச்சினை இல்லை. அத்துடன், ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் டெஸ்ட், இரவு தூக்கப் பரிசோதனை, தைராய்டு பரிசோதனை இவற்றைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ சாப்பிடுகிறாரா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 'முடியவில்லையா, செய்யவில்லையா' என்று தோராயமாகப் பார்க்க டாக்டர்களிடம் எளிய வழியும் இருக்கிறது. ஒரு நிமிடம் வேண்டுமென்றே ஆழமாக, வேகமாக மூச்சுவிடச் சொல்லிக் கார்பன் டை ஆக்சைடு இறங்குகிறதா என்று பார்ப்பது. நன்றாக இறங்கினால் மார்புக்கு முடிகிறது, கட்டளைதான் போதவில்லை.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பிளாஸ்டிக் பையில் மூச்சுவிட்டு இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ஆய்வுக்கூடப் பையில் நிறைய ஆக்சிஜன் இருக்கிறது, வீட்டுப் பையில் அது தீர்ந்துகொண்டே வரும். இரண்டு, ஆக்சிமீட்டரில் 90 காட்டுகிறது என்று வாடகை சிலிண்டர் எடுத்து நீங்களாகவே ஆக்சிஜன் வைக்காதீர்கள். விரலில் மாட்டும் கருவி கார்பன் டை ஆக்சைடைக் காட்டாது. இவரைப் போன்றவர்களுக்கு ஆக்சிஜனை 88 முதல் 92-க்குள் வைப்பதுதான் நடைமுறை, அதையும் டாக்டர் முடிவு செய்ய வேண்டும். 'ஆக்சிஜன் கொடுத்தால் மூளை மூச்சுவிட மறந்துவிடும்' என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு, முழுசும் அதுவே இல்லை. சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுத்து 1980-இல் அளந்தபோது கார்பன் டை ஆக்சைடு நன்றாக ஏறியது, மூச்சின் மொத்த அளவோ சற்று நேரத்தில் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஏற்றத்துக்கு முக்கியக் காரணம், காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளுக்கு ரத்தம் திரும்புவதும், ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கார்பன் டை ஆக்சைடைக் கைவிடுவதும்தான்.

பை-பேப் கருவி எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். இரவில் அது முகமூடி வழியாகக் காற்றை உள்ளே தள்ளி அவர் மூச்சுக்குத் துணை நிற்கும். சில வாரங்கள் ஒழுங்காகப் போட்டால் பைகார்பனேட் இறங்கும், பலருக்குக் கார்பன் டை ஆக்சைடுக்கான மூளையின் பதிலும் ஓரளவு திரும்ப வரும். அதைப் பார்க்க மறுபடி ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) எடுக்கும்போது, அவர் விழித்து அமைதியாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில், முடிந்தால் முதல்முறை எடுத்த அதே நிலையில், ஆக்சிஜன் ஓடுகிறதா இல்லையா என்று தாளில் குறித்து எடுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.